பெற்றோர் மனமாற்றத் துறையும் ஒரு லிஃப்ட் வேலையும்

குழாய் ஒழுகினால் அடைக்க ஆள் இல்லை, கரண்ட் போனால் பார்க்க ஆள் இல்லை, ஆனால் குழாய் ஏன் ஒழுகுகிறது என்று ஆய்வுக் கட்டுரை எழுதத் தெருவுக்குப் பத்துப் பேர் இருக்கிறார்கள் என்ற நிலைமை அரசின் மேலான கவனத்துக்குக் கொண்டுவரப்பட்டது. கொண்டுவந்தது வேறு யாருமில்லை, மேலிடத்துக் கழிவறைக் குழாய்தான். மூன்று வாரம் ஒழுகிப் பார்த்தது. நான்காவது வாரம் 'பெற்றோர் மனமாற்றத் துறை' உதயமாயிற்று.

துறையின் நோக்கத்தில் எந்தக் குழப்பமும் இல்லை. பிள்ளைகள் அப்ரண்டிஸாகச் சேர்ந்து தொழில் பழகத் தயாராகத்தான் இருக்கிறார்கள், பெற்றோர்தான் "டிகிரி, டிகிரி" என்று குறுக்கே படுத்துக்கொள்கிறார்கள். ஆகவே மேற்படி பெற்றோரின் மனத்தை உரிய முறையில் மாற்றி, மாற்றப்பட்ட மனங்களைப் பதிவேட்டில் ஏற்றி, மாதந்தோறும் ஐந்தாம் தேதிக்குள் எண்ணிக்கையை மேலிடத்துக்கு அனுப்ப வேண்டியது. பட்டம் இல்லாமலே முன்னுக்கு வரலாம் என்று எடுத்துச் சொல்வது பொறுப்பான வேலை அல்லவா? அதனால் துறையில் சேரக் குறைந்தபட்சத் தகுதி முதுகலைப் பட்டம் என்று நிர்ணயித்தார்கள்.

அப்படி நிர்ணயிக்கப்பட்டு உள்ளே வந்த நாற்பத்து நான்கு பேரில் ஒருவர்தான் நாம் பார்க்கப்போகிறவர். முதுநிலை மனமாற்ற அலுவலர். அவ்வளவு நீளம் கூப்பிடத் தெருவில் யாருக்கும் பொறுமை இல்லை. 'மனமாத்தி' என்று சுருக்கிவிட்டார்கள். அவர் கோபித்துக்கொள்ளவில்லை, உள்ளூர சந்தோஷம்தான்.

சும்மா சொல்லக்கூடாது, மனுஷர் பேசினால் கல்லும் கரையும். பள்ளிக்கூட மண்டபங்களில் பெற்றோரை உட்காரவைத்து, "டிகிரிய சுவத்துல மாட்டலாம், ஆனா சுவத்துக்கு ஆணி அடிக்க யாரு வருவா?" என்று ஆரம்பிப்பார். அரைமணி நேரத்தில் பாதிப் பேர் கண்ணைத் துடைப்பார்கள். கையோடு படிவம் ஒன்பது விநியோகிக்கப்படும். 'தொழில் பழகுவது சிறந்த வழி என்பதை நான் உணர்ந்துகொண்டேன்' என்ற வரிக்கு எதிரே ஒரு கட்டம். டிக் அடித்துக் கையெழுத்துப் போட்டால் ஒரு மனம் மாறியதாகக் கணக்கு. இரண்டு வருடத்தில் அவர் மட்டும் நானூற்றுச் சொச்சம் மனங்களை மாற்றியிருந்தார். போதாததற்கு 'தயக்கம் தீர்க்கும் கையேடு' என்று அறுபத்து நான்கு பக்கத்தில் ஒரு புத்தகமும் எழுதினார். பெற்றோருக்கு வரக்கூடிய முப்பத்தொரு சந்தேகங்கள், அவற்றுக்கு முப்பத்தொரு பதில்கள். உலகத்திலேயே தான் ஒருத்தர்தான் அதை முழுக்கப் படித்தவர் என்று நினைத்துக்கொண்டிருந்தார். அப்படி இல்லை என்பது ஒரு வியாழக்கிழமை சாயங்காலம் தெரிந்தது.

சாப்பாட்டு மேஜையில் படிவங்களை நூறு நூறாகக் கட்டிக்கொண்டிருந்தார். மகள் வந்து எதிரே உட்கார்ந்தாள். ஒரே பிள்ளை. பள்ளிப் படிப்பை நல்ல மார்க்கோடு முடித்து மூன்று வாரம் ஆகிறது. பதினெட்டு முடிய இன்னும் நாலு மாதம் இருந்தாலும் வீட்டில் இன்னும் பாப்பாதான்.

"அப்பா, ஒரு கையெழுத்து வேணும்."

"எந்தக் காலேஜ்மா?"

"காலேஜ் இல்லப்பா, அப்ரண்டிஸ். லிஃப்ட் கம்பெனியில. இந்த ஊருக்கு ஒரே ஒரு இடம், டெஸ்ட் வச்சு என்னை எடுத்திருக்காங்க. எனக்கு வயசு பத்தல, அதனால பெத்தவங்க கையெழுத்துப் போடணும். அடுத்த மாசம் முதல் திங்கட்கிழமை சேரலேன்னா வேற ஆளுக்குக் குடுத்துடுவாங்க."

மனமாத்திக்குக் கை அப்படியே நின்றது. நூறாவது படிவமா தொண்ணூற்றெட்டாவது படிவமா என்பது மறந்துபோயிற்று.

"லிஃப்டா? நாலு பேர் என்ன பாப்பா சொல்லுவாங்க?"

"சந்தேகம் ஒண்ணு, பக்கம் அஞ்சு," என்றாள் அவள். கையில் கையேடு இருந்தது. ஓரமெல்லாம் மடித்துக் குறி வைத்திருந்தாள். "'அந்த நாலு பேரின் வீட்டில் விளக்கு எரியாத அன்று அவர்கள் யாரைத் தேடுவார்கள் என்று கேளுங்கள்.' இதை எழுதும்போது நீங்களே சிரிச்சீங்கப்பா."

"அது சரி. ஆபத்தான வேலையாச்சே?"

"சந்தேகம் பதினாலு. 'முறையாகப் பழகியவருக்கு ஆபத்தில்லை, பழகாதவர் தொடும்போதுதான் ஆபத்து.'"

"பொம்பளைப் பிள்ளை எண்ணெயும் அழுக்குமா..."

"பதினஞ்சு. அது உங்களுக்கே ரொம்பப் பிடிச்ச பதில், அடிக்கோடு வேற போட்டிருக்கீங்க. படிக்கட்டுமா?"

"வேண்டாம்," என்றார். "பாப்பா, இதெல்லாம் பெற்றோருக்காக எழுதினது."

"அப்ப நீங்க யாருப்பா?"

"நான் அலுவலர்."

அவள் கையேட்டை மூடிவைத்தாள். அவளுக்குச் சின்ன வயசிலிருந்தே இந்தக் கிறுக்கு. வீட்டு ஃபேனைக் கழற்றி மாட்டியிருக்கிறாள், மிக்ஸியை இரண்டு தடவை பிழைக்கவைத்திருக்கிறாள். "லிஃப்ட் கதவு சாத்தினப்புறம் அதுக்குள்ள, மேல, கீழ என்னென்ன நடக்குதுன்னு எனக்குத் தெரியணும்ப்பா. வேற எதையும் இவ்வளவு ஆசைப்பட்டு நான் கேட்டதில்ல," என்று சொல்லிவிட்டு எழுந்து போனாள். கேட்டதில்லைதான். மனமாத்தி படிவங்களை மறுபடி ஒன்றிலிருந்து எண்ண ஆரம்பித்தார்.

அடுப்படியிலிருந்து மனைவி வந்தாள். பள்ளிக்கூடத்தில் கணக்கு வாத்தியார், வளவளவென்று பேச மாட்டாள்.

"எனக்கு ஒண்ணும் ஆட்சேபணை இல்லைங்க. ஆனா எங்க அண்ணன் ஞாயித்துக்கிழமை போன் பண்ணி 'பாப்பா என்ன படிக்கிறா'ன்னு கேப்பாரு. அதுக்கு என்ன பதில்னு மட்டும் சொல்லிட்டுக் கையெழுத்துப் போடுங்க."

மச்சானின் மகன் பல்கலைக்கழகத்தில் எதையோ படிக்கிறான். அதன் பெயர் ஒரே மூச்சில் வராது. மச்சானுக்கே இரண்டு தடவை நடுவில் நின்றுதான் வரும். ஆனாலும் நாள் தவறாமல் யாரிடமாவது சொல்லிவிடுவார். நானூறு பெற்றோரின் மனத்தை மாற்றிய மனுஷருக்கு ஒரு மச்சானிடம் சொல்ல ஒரு வாக்கியம் கிடைக்கவில்லை.

மறுநாள் ஆபீஸுக்குப் போனதும் நேரே இயக்குநர் அறைக்குப் போனார்.

"சார், ஒரு சின்ன விஷயம். என் பொண்ணு..."

"விலக்கு மனுதானே?" இயக்குநர் முகம் மலர்ந்தது. "உக்காருங்க, உக்காருங்க. நாப்பத்தி மூணு பேரும் எப்பவோ குடுத்தாச்சு. உங்களது மட்டும்தான் பாக்கி. இவரு ஏன் இன்னும் குடுக்கலன்னு நேத்துக்கூட கவலைப்பட்டேன்."

மேஜைமேல் தடிமனான ஒரு கோப்பு இருந்தது. 'துறை ஊழியர்தம் பிள்ளைகளைத் தொழில் பழகுவதிலிருந்து விலக்களித்தல்.' தொழில் பழகச் சொல்லி யாரையும் யாரும் கட்டாயப்படுத்தவில்லையே, அப்புறம் எதிலிருந்து விலக்கு என்று கேட்கலாம். கட்டாயம் இல்லாததிலிருந்து விலக்குக் கொடுப்பது மிகவும் சுலபம், ஒரே நாளில் கையெழுத்தாகிவிடும். அதனால்தான் துறையிலேயே அதிவேகமாக நகரும் கோப்பு என்ற பெயர் அதற்கு இருந்தது.

"இல்ல சார், அவ சேரணும்ங்கிறா."

"ஐயையோ," என்றார் இயக்குநர். வீட்டில் யாருக்கோ உடம்பு சரியில்லை என்று சொன்னால் எப்படிக் கேட்பாரோ அப்படிக் கேட்டார். "எத்தனை நாளா?"

பதில் சொல்வதற்குள் உதவியாளர் ஒரு கடிதத்தைக் கொண்டுவந்து வைத்தார். மேலிடத்துக் கடிதம். இதுவரை மாற்றப்பட்ட மனங்கள் பதினோராயிரத்து நானூற்று எட்டு. இதுவரை அப்ரண்டிஸாகச் சேர்ந்த பிள்ளைகள் மூன்று. வித்தியாசத்துக்கு விளக்கம் தேவை. பத்து நாள் அவகாசம்.

துறை கதிகலங்கிப் போயிற்று. உடனே குழு அமைக்கப்பட்டது. குழுவுக்கு நம் மனமாத்திதான் தலைவர். மனம் மாறியவர்களில் இருபது பேருக்குப் போன் போட்டார்.

"வணக்கம், போன வருஷம் எங்க கூட்டத்துல மனசு மாறுனீங்களே..."

"ஆமா சார், நல்லா மாறிடுச்சு. அருமையான பேச்சு. என் வீட்டுக்காரி இன்னிக்கும் சொல்லிட்டிருப்பா."

"பையன் எதுல சேந்தாரு?"

"பையன் யுனிவர்சிட்டியில சார். ஆனா பக்கத்து வீட்டுல ஒரு பையன் இருக்கான், அவங்கப்பா கிட்ட விடாம சொல்லிட்டிருக்கேன். தொழில் பழகு தொழில் பழகுன்னு. கேக்க மாட்டேங்கிறாங்க சார், இந்தக் காலத்துப் பெத்தவங்க."

பத்தொன்பது பேரும் இதையேதான் சொன்னார்கள். இருபதாவது ஆள் அந்தப் பக்கத்து வீட்டுக்காரர். அவர், முதலில் பேசியவருடைய பையனைப் பற்றி இதே கவலையைத் தெரிவித்தார். படிவம் ஒன்பதை எடுத்துப் பார்த்தால் விஷயம் விளங்கிற்று. தொழில் பழகுவது சிறந்த வழியா என்றுதான் அதில் கேட்டிருந்தது. யார் பிள்ளைக்கு என்று எங்கேயும் கேட்கவில்லை. சேர்ந்த மூன்று பேரும் யார் என்று விசாரித்தார்கள். மூவரின் பெற்றோரும் துறையின் எந்தக் கூட்டத்துக்கும் வந்ததே இல்லை.

"ஏன் சேக்க மாட்டேங்கிறாங்க? என்னதான் குறைச்சல்?" என்று இயக்குநர் மேஜையைத் தட்டினார்.

மனமாத்திக்கு அந்தக் கேள்வி கேட்டதும் மச்சான் முகம்தான் முன்னால் வந்தது. "பேர்ல கௌரவம் இல்ல சார்," என்றார். "போன்ல சொல்ற மாதிரி ஒரு பேர் இல்ல."

அவ்வளவுதான். குழுவுக்கு வேலை வந்துவிட்டது. பகலில் மனமாத்தி ஆபீஸில் யோசித்து எழுதுவார், சாயங்காலம் வீட்டுக்கு வந்து மனைவியிடம் படித்துக் காட்டுவார். அவள் மனசுக்குள் அண்ணனுக்குப் போன் போட்டுப் பார்த்துத் தீர்ப்புச் சொல்லுவாள்.

"'லிஃப்ட் அப்ரண்டிஸ்' இனிமே கிடையாது. 'செங்குத்துப் போக்குவரத்துப் பயிலறிஞர்'. எப்படி?"

"பரவாயில்ல. ஆனா அண்ணன், 'அங்கி போட்டு போட்டோ எடுப்பாங்களா'ன்னு கேப்பாரே?"

மறுநாள் அங்கி சேர்க்கப்பட்டது. கறுப்பு அங்கி, தொங்கலோடு தொப்பி. ஸ்பேனரைக் கையில் பிடித்து நின்று போட்டோ எடுத்துக்கொள்ள வசதி செய்யப்படும் என்று ஒரு வரி. ஸ்பேனர் வேண்டாம், சுருட்டிய காகிதம் போதும் என்று இயக்குநர் திருத்தினார்.

"நல்லா இருக்கு," என்றாள் மனைவி. "ஆனா யாரு வேணா சேரலாம்னா அதுல என்ன பெருமை? அண்ணன் மகன் நுழைவுத் தேர்வு எழுதில்ல சேந்தான்?"

மறுநாள் நுழைவுத் தேர்வு வந்தது. அதற்கடுத்த நாள், தேர்வுக்குப் பயிற்சி கொடுக்கும் நிலையங்களுக்கான வழிகாட்டு நெறிமுறைகள் வந்தன.

"எல்லாம் சரிங்க," என்றாள் அவள் கடைசியாக. "இத்தனையும் சொன்னப்புறம் அண்ணன், 'ஓஹோ, டிகிரி வேணாமா, அப்ப மார்க் கம்மியான பிள்ளைங்க சேர்றதா'ன்னு ஒரே வார்த்தையில முடிச்சிடுவாரு."

வாஸ்தவம். இந்த ஓட்டையை அடைக்காவிட்டால் மற்றதெல்லாம் வீண். அடுத்த நாள் மத்தியானம், அவசர அவசரமாக, மனமாத்தி ஏழாவது பத்தியை எழுதினார். 'மேற்படிப் பயிற்சியின் மாண்பினைக் கருத்திற்கொண்டு, சேர்வதற்கான குறைந்தபட்சத் தகுதி ஏதேனும் ஒரு பட்டம் என இதன்மூலம் நிர்ணயிக்கப்படுகிறது.' எழுதும்போது மச்சானின் வாய் அடைபடுவது மட்டும்தான் அவர் கண்ணுக்குத் தெரிந்தது. மகள் ஞாபகம் வராமல் இல்லை. ஆனால் அவர் உத்தியோக அனுபவத்தில் எந்தச் சுற்றறிக்கையும் இரண்டு வருடத்துக்குள் நடைமுறைக்கு வந்ததில்லை. அதற்குள் பாப்பா தொழிலையே பழகி முடித்துவிடுவாள், பெயரின் கௌரவம் மட்டும் அவளுக்கு வந்து சேரும் என்று கணக்குப் போட்டார். இயக்குநர் வெளியூர் போயிருந்ததால் 'இயக்குநருக்காக' என்று போட்டு அவரே கையெழுத்திட்டார். சுற்றறிக்கை எண் நாற்பத்து நான்கு.

இனி வீட்டுக் கையெழுத்து பாக்கி. அதைப் போடுமுன் மகள் வேலை செய்யப்போகும் இடத்தை ஒருமுறை பார்த்துவிடலாம் என்று வெள்ளிக்கிழமை கிளம்பினார். பெண் எங்கே போகிறாள் என்று தகப்பன் பார்க்க வேண்டாமா? ஒன்பது மாடிக் கட்டடம், உச்சியில் மெஷின் அறை. லிஃப்டை நிறுத்தி வைத்திருந்தார்கள், அதனால் படியேறினார். மேலே போய்ச் சேரும்போது பேச மூச்சில்லை. அது நல்லதாயிற்று, வாயைத் திறக்காமல் பார்க்க முடிந்தது.

பாப்பாவை எடுத்திருந்த மெக்கானிக் ஒரு பெண். நாற்பதை நெருங்கும் வயசு, முழங்கை வரை கிரீஸ். எல்லோருக்கும் அவள் லிஃப்ட்டக்கா. சேருமுன்பே வேலையைப் பார்க்க வந்துவிட்ட பாப்பா அவள் பக்கத்தில் குத்துக்காலிட்டு உட்கார்ந்திருந்தாள்.

"இப்ப ஓட்டுறேன். கண்ணை மூடிட்டுக் கேளு," என்றாள் லிஃப்ட்டக்கா.

மோட்டார் சுற்றியது, இரும்புக் கயிறு நகர்ந்தது. மனமாத்தி காதுக்கு எல்லாம் ஒரே இரைச்சல். பாப்பா தலையைச் சாய்த்துக் கேட்டாள்.

"மூணாவது மாடி தாண்டும்போது ஒரு தட்டு தட்டுதுக்கா. கதவுப் பக்கம்."

"என்னவா இருக்கும்?"

"ரோலர் தேஞ்சிருக்குமோ?"

இரண்டு பேரும் இறங்கிப் போனார்கள், அவரும் பின்னாலேயே போனார். மூன்றாவது மாடியில் கதவைத் திறந்து மேல் தண்டவாளத்தில் டார்ச் அடித்தார்கள். ரப்பர் உருளை ஒன்று ஒரு பக்கம் தேய்ந்து சப்பையாகியிருந்தது. லிஃப்ட்டக்கா ஒன்றும் பாராட்டவில்லை, ஸ்பேனரை எடுத்து அவள் கையில் கொடுத்தாள். பாப்பாவுக்கு முகமெல்லாம் பல். அவள் ஐந்து வயசில் சைக்கிள் ஓட்டப் பழகிய அன்றைக்கு அப்படிச் சிரித்தது. அதற்கப்புறம் இன்றைக்குத்தான் அவர் பார்க்கிறார். அவருக்குப் பெருமையாக இருந்தது. இத்தனை நாள் மேடையில் சொன்னதெல்லாம் நிஜம்தான் போலிருக்கிறதே என்று முதல் தடவையாகத் தோன்றியது. கண் கலங்கிவிட்டது, மண்டபத்தில் மற்றவர்களுக்குக் கலங்குமே, அதே மாதிரி.

"எங்கம்மா அந்த ஃபாரம்?" என்று கேட்டு வாங்கி, கருவிப் பெட்டிமேல் வைத்துக் கையெழுத்துப் போட்டார். அன்றைக்குச் சாயங்காலம் மச்சானுக்கு அவரே போன் செய்து, "பாப்பா லிஃப்ட் ரிப்பேர் பழகப்போறா," என்று இரண்டு தடவை சத்தமாகச் சொன்னார். மச்சான் பதில் சொல்லுமுன் போனை வைத்துவிட்டார். செங்குத்து கிங்குத்து எதுவும் தேவைப்படவே இல்லை.

திங்கட்கிழமை காலை பாப்பா புது பூட்ஸ் போட்டுக்கொண்டு கிளம்பிப் போனாள். பதினோரு மணிக்குத் திரும்பி வந்தாள். மனமாத்தி அன்று லீவு போட்டு வீட்டில் இருந்தார்.

"என்னம்மா, அரை நாளா?"

அவள் அழவில்லை. அழுதிருந்தாலாவது தேவலை. ஒரு காகிதத்தை மேஜைமேல் விரித்து வைத்தாள்.

"சனிக்கிழமை கம்பெனிக்கு வந்துச்சாம். டிகிரி இல்லாதவங்கள எடுக்கக் கூடாதாம். லிஃப்ட்டக்கா மானேஜர் கிட்ட எவ்வளவோ பேசிப் பாத்தாங்க, நடக்கல." விரல் காகிதத்தின் அடியில் போய் நின்றது. "இது உங்க கையெழுத்துப்பா. என் ஃபாரத்துல இருக்கிறதும் இதேதான். ரெண்டையும் பக்கத்துல பக்கத்துல வச்சு எனக்குக் காமிச்சாங்க."

பிறந்ததிலிருந்து ஆமை நடை நடக்கும் துறை, இந்த ஒரு காகிதத்தை மட்டும் நாலே நாளில் ஊரெல்லாம் சேர்த்திருக்கிறது. "பாப்பா, நான் உனக்காகத்தான்..." என்று ஆரம்பித்தார். உண்மையில் அது மச்சானுக்காக என்பது அவருக்கே தெரியும். "மன்னிச்சுடுமா," என்று மட்டும் சொல்லிவிட்டு, சட்டையை மாட்டிக்கொண்டு ஆபீஸுக்கு ஓடினார்.

இயக்குநர் அவரைக் கட்டிப் பிடிக்காத குறைதான்.

"வாங்க வாங்க! அமோக வெற்றி. டிகிரி வேணும்னு போட்டதும் பெத்தவங்க வரிசையில நிக்கிறாங்க. 'இவ்வளவு கஷ்டமா சேர்றதா? அப்ப நல்லதாத்தான் இருக்கும்'னு சொல்றாங்களாம். மேலிடம் ரொம்ப திருப்தி."

"சார், ஏழாவது பத்தியை வாபஸ் வாங்கணும்."

"எதுக்கு?"

"என் பொண்ணு சேர முடியல சார். அவளுக்கு மட்டுமாவது ஒரு விலக்கு..."

இயக்குநர் உண்மையிலேயே வருத்தப்பட்டார். கோப்பை எடுத்துப் புரட்டிக்கூடப் பார்த்தார். "விலக்கு இருக்குங்க. ஆனா அது சேர விரும்பாதவங்களுக்கு. சேர விரும்புறவங்களுக்கு விலக்குக் குடுக்க விதியில இடமில்ல. சேர விரும்பலன்னு எழுதிக் குடுக்கச் சொல்லுங்க, இப்பவே போடுறேன்."

அடுத்த இரண்டு மாதத்தில் பல்கலைக்கழகம் விழித்துக்கொண்டது. அப்ரண்டிஸுக்குப் பட்டம் வேண்டும் என்றால் அப்ரண்டிஸ் பட்டத்தையே கொடுத்துவிட்டால் போகிறது என்று 'செங்குத்துப் போக்குவரத்து அறிவியல்' நான்கு வருடப் படிப்பாகத் தொடங்கப்பட்டது. முதல் வருடம் லிஃப்டின் வரலாறு, இரண்டாம் வருடம் லிஃப்டின் தத்துவம். மூன்றாம் வருடம் படிக்கட்டு, ஒப்பீட்டு நோக்கில். நான்காம் வருடம் லிஃப்டில் ஏறி இறங்கும் செய்முறைப் பயிற்சி. பாடம் நடத்த வந்தவர்கள் எல்லாம் பெரிய படிப்புப் படித்தவர்கள், ஸ்பேனரைப் படத்தில் சரியாக அடையாளம் காட்டக் கூடியவர்கள். வகுப்புகள் தரைத்தளத்தில் நடந்தன, அந்தக் கட்டடத்துக்கு மாடி கிடையாது.

பாப்பாவுக்கு வேறு வழியில்லை, சேர்ந்தாள். பகலில் படிக்கட்டைப் படித்தாள். சாயங்காலமும் சனி ஞாயிறும் லிஃப்ட்டக்காவோடு லிஃப்ட் ஓடும் ஷாஃப்ட் குழிக்குள் இறங்கினாள். கம்பெனிப் பதிவேட்டில் அவள் பெயர் கிடையாது, யாராவது கேட்டால் 'டார்ச் பிடிக்க வந்த பொண்ணு' என்று லிஃப்ட்டக்கா சொல்லிவிடுவாள். நான்கு வருடமும் மகளைக் காலேஜ் வாசலிலிருந்து அழைத்துப்போய் லிஃப்ட் இருக்கும் கட்டடத்தில் கொண்டுவிட்டது மனமாத்திதான். வண்டியில் பின்னால் உட்கார்ந்து அவள் பிரேக்கைப் பற்றியும் கயிற்றைப் பற்றியும் பேசிக்கொண்டே வருவாள். முதல் ஆறு மாதம் மட்டும் ஒன்றும் பேசவில்லை.

பட்டம் வந்தது, அங்கி போட்டோ வந்தது, மறுநாளே பாப்பா முறைப்படி அப்ரண்டிஸாகச் சேர்ந்தாள். சேர்ந்த மூன்றாவது வாரத்தில், மூன்று பெரிய கம்பெனிக்காரர்கள் பார்த்துக் கைவிட்ட ஓர் ஆஸ்பத்திரி லிஃப்டை ஒரே மத்தியானத்தில் ஓடவைத்தாள். பேப்பரில் படம் வந்தது. துறை விடுமா? மாபெரும் பெற்றோர் மாநாடு ஏற்பாடாயிற்று. அறுநூறு பெற்றோர் திரண்டார்கள். பாப்பாவை மேடையில் ஏற்றினார்கள்.

முன்வரிசையிலிருந்து ஒருவர் எழுந்தார். "இவ்வளவு தொழில் எங்கம்மா கத்துக்கிட்டே?"

"லிஃப்ட்டக்கா கிட்ட," என்றாள் பாப்பா. "அதோ, கடைசி வரிசையில உக்காந்திருக்காங்க. நாலு வருஷம் சாயங்காலத்துல அவங்கதான் கத்துக்குடுத்தாங்க. காலேஜ்ல நான் லிஃப்டையே பாக்கல."

அறுநூறு பேரும் கை தட்டினார்கள். "எவ்வளவு அடக்கம் பாத்தீங்களா!" என்று ஒரு தாய் கண்ணைத் துடைத்துக்கொண்டாள். "படிச்ச பிள்ளை, படிச்ச பிள்ளைதான்."

மனமாத்திக்குப் பொறுக்கவில்லை. மைக்கைப் பிடுங்காத குறையாக வாங்கினார். மச்சானைச் சொன்னார், ஏழாவது பத்தியைச் சொன்னார், மகள் பதினோரு மணிக்குத் திரும்பி வந்ததைச் சொன்னார். "அந்த நாலு வருஷத்தை என் பொண்ணுகிட்டேருந்து நான்தாங்க பிடுங்கினேன்," என்றார். வாழ்க்கையில் அவர் பேசியதிலேயே அதுதான் சிறந்த பேச்சு. ஒவ்வொரு வார்த்தையும் உண்மை வேறு. அறுநூறு பேரும் அழுதார்கள். அறுநூறு பேரும் படிவத்தில் டிக் அடித்தார்கள். அடித்துவிட்டு மேடையைச் சுற்றிச் சூழ்ந்துகொண்டார்கள். "எந்தக் காலேஜ் சார்?" "ஹாஸ்டல் இருக்கா சார்?" "படிக்கட்டு எந்த வருஷம்னு சொன்னீங்க?"

எல்லோருக்கும் பதில் சொல்லாமல் தப்பித்துப் பக்கவாசலுக்கு வந்தார். அங்கே லிஃப்ட்டக்கா நின்றுகொண்டிருந்தாள். பக்கத்தில் பதினேழு வயசில் ஒரு பெண், பள்ளிக்கூடச் சீருடையில்.

"என் பொண்ணு சார். இந்த வருஷம் ஸ்கூல் முடிக்கிறா. மோட்டார்ல இவளுக்கு என்னைவிட நல்ல காது." குரலைத் தாழ்த்திக்கொண்டாள். "பாப்பா படிச்ச காலேஜ்ல இவளுக்கு ஒரு சீட்டு சொல்லி வாங்கித் தர முடியுமா?"

மனமாத்தி அவளையே பார்த்தார். "ஏம்மா, பாப்பாவுக்கே நீங்கதானே கத்துக்குடுத்தீங்க. உங்க பொண்ணுக்கு நீங்களே கத்துக்குடுக்கலாமே?"

"கத்துக்குடுக்கத்தான் போறேன் சார், சாயங்காலத்துல," என்றாள் லிஃப்ட்டக்கா. "பகல்ல எல்லாரையும் மாதிரி அவளும் படிச்சிட்டுப் போகட்டுமே."